சனியைத் தொலைத்த குரல்

"இன்னொரு தடவை போடு, தோகார்."

போட்டேன். எத்தனையாவது தடவை என்று எனக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. என் கைப்பேசியிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் குழைந்தது.

"நான் நிங்ரும் பேசுறேன். ரமாயோட பெரிய விற்பனை மிங்கு மாலாம். பூப்போட்ட நைட்டி எல்லாம் பாதி விலை. நீங்க அதுக்கும் கீழ இறங்கிடுங்க. என் பங்கை மட்டும் மறந்துடாதீங்க, என்ன?"

கடைசியில் ஒரு சிரிப்பு. மூக்கில் தொடங்கி வாயில் முடியும் சிரிப்பு. ஜகார்த்தாவில் கைப்பேசி வைத்திருக்கும் பெண்களுக்கெல்லாம் அது பழக்கமான சிரிப்பு. அதன் சொந்தக்காரி எங்கள் அலுவலகத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"குரல் என்னுதுதான், இபு. சிரிப்பும் என்னுதுதான். ஆனா நான் பேசலை. அல்லா மேல சத்தியமா நான் பேசலை."

"பேசாத வாய்க்குக் குரல் எங்கேருந்து வரும்மா?" என்றேன்.

"தோகார்," என்றார் இபு வினார்த்தி மெதுவாக. "மன்னிக்கணும். கொஞ்சம் வாயை மூடு."

இங்கே அம்மாவுக்கு 'இபு', ஐயாவுக்கு 'பாக்'. எங்கள் முதலாளியம்மா ஜாவாக்காரர். கோபம் ஏற ஏற அவர் குரல் தணியும். 'மன்னிக்கணும்' என்று சொல்லிவிட்டால் உச்சிக்குப் போய்விட்டார் என்று பொருள். நான் மலைநாட்டு பாத்தாக் இனத்துக்காரன். எங்கள் பக்கத்தில் 'சாப்பிட்டியா' என்று கேட்பதே கைகலப்புக்கு அழைப்பது போலத்தான் இருக்கும். தொலைபேசி நிறுவனமொன்றில் மோசடிப் புகார்களைக் கேட்டுக் கேட்டே காதைத் தீட்டிக்கொண்ட அவர், ஓய்வுபெற்றதும் தெபெத்தில் ஒரு பாடாங் சாப்பாட்டுக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தார். காது அவருடையது. மோட்டார் சைக்கிளும் வாயும் என்னுடையவை.

ரமாய், கிலாட் என்ற இரண்டு செயலிகளின் சண்டைதான் நிங்ருமை எங்கள் படியேற வைத்தது. ஜனங்கள் முகம் கழுவுவதற்கு முன்னால் திறப்பது இந்த இரண்டில் ஒன்றை. படம் பார்ப்பது அதில், பக்கத்து வீட்டுக்காரியோடு மல்லுக்கு நிற்பது அதில், சம்பல் புட்டி வாங்குவதும் அதில். தனக்குள் வந்தவரை மற்றதன் பக்கம் எட்டிப் பார்க்க விடாமல் கட்டிவைப்பதுதான் இரண்டு நிறுவனங்களுக்கும் வேலை. கட்டிவைக்கும் கயிறுதான் நிங்ரும் மாதிரியானவர்கள். ரமாய் நேரலையில் நின்று, "கிழிஞ்ச நைட்டிதான் சொகுசுன்னு எனக்கும் தெரியும் அக்கா, ஆனா மாமியார் வர்ற அன்னைக்காவது புதுசு போடுங்க" என்று அவள் சொன்னால் சரக்கு மூட்டை மூட்டையாகப் போகும். நாற்பது லட்சம் பேர் அவளைத் தொடர்கிறார்கள். சோலோ நகரில் அவள் பிறந்த சந்தில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடுவது அவள் வாயை நம்பித்தான்.

போன வாரம் ரமாய் பெரிய விற்பனை ஒன்று வைத்தது. தேதியும் விலையும் பரம ரகசியம். அப்படியிருந்தும் அவள் கேமரா முன் வந்து நிற்பதற்குச் சற்று முன்னால் கிலாட்டில் அதே நைட்டி அதைவிட மலிவாக இறங்கியது. கூட்டம் அங்கே ஓடிவிட்டது. மறுநாளே, நிங்ரும் கிலாட்டுக்கு அனுப்பியதாகச் சொல்லி, இந்தக் குரல் பதிவு ரமாய் முதலாளி லியானாவின் கைக்கு வந்துவிட்டது.

"இன்னைக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள கையெழுத்துப் போடணுமாம்," என்றாள் நிங்ரும். "என் கணக்கு, என் முகம், என் குரல் எதுக்கும் இனி நான் உரிமை கேட்க மாட்டேன்னு. போடலைன்னா போலீஸ். நாற்பது லட்சம் பேருக்கும் நான் திருடின்னு அறிவிச்சுடுவாங்களாம்."

"கையெழுத்துப் போடச் சொன்னது லியானாவா?"

"இல்லை. அவங்களுக்கு அடுத்தபடி இருக்கிற பாக் ஹெர்லம்பாங். அவர் நல்லவர்தான் இபு. 'போலீஸுக்குப் போகாம நான் காப்பாத்துறேன்'னு சொன்னார்."

இபு வினார்த்தி தேநீரை ஆறவிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தோகார், விற்பனை எப்போன்னு அந்தக் குரல் சொல்லுது?"

"மிங்கு மாலாம்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மாலாம் என்றால் இரவு, மிங்கு என்றால் ஞாயிறு. எங்கள் நாட்டில் இந்த இரண்டில் எது முன்னால் வருகிறது என்பதில் முழுசாக ஒரு நாள் இருக்கிறது. பொழுது சாய்ந்தாலே எங்களுக்கு மறுநாள் பிறந்துவிடும். அதனால் 'மாலாம் மிங்கு' என்றால் ஞாயிறுக்கு முந்தின ராத்திரி, அதாவது சனிக்கிழமை ராத்திரி. வண்டி வைத்திருக்கிற வாலிபனெல்லாம் தலையைப் படிய வாரிக்கொண்டு காதலியைப் பார்க்கக் கிளம்புகிற ராத்திரி. திருப்பிப் போட்டு 'மிங்கு மாலாம்' என்றால் அசல் ஞாயிறு ராத்திரி. திங்கட்கிழமைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற ராத்திரி. இதைக் குழப்பிக்கொள்கிறவன் இங்கே இன்னும் பிறக்கவில்லை.

"விற்பனை நடந்தது மாலாம் மிங்கு. சனிக்கிழமை," என்றார் இபு. "கிலாட்காரன் வந்து கெடுத்ததும் சனிக்கிழமை. இந்தக் குரலை நம்பியிருந்தா அவன் ஞாயித்துக்கிழமைதானே கடை விரிச்சிருப்பான்?"

"அப்போ..."

"கிலாட்டுக்குச் சேதி வேற வழியில போயிருக்கு. பழி போட ஓர் ஆள் வேணும்னு அப்புறமா சமைச்ச குரல் இது."

"சமைச்சவன் வெளிநாட்டுக்காரன்!" என்று மேசையைத் தட்டினேன். "நம்ம ஆளுக்கு இந்தத் தப்பு வராது இபு. வழக்கு முடிஞ்சுது. கீழ போய் ரென்டாங் சாப்பிடலாம்."

"இரு. நிங்ரும், உன் குரல் நீ இல்லாத நேரத்துல எங்கேயாவது கேட்குதா?"

அவள் யோசித்தாள். "என் கணக்கை என்கிட்டேருந்து பூட்டிட்டாங்க. ஆனா மத்தியானத்துல என்னோட பழைய நேரலையை மறு ஒளிபரப்புப் பண்றாங்கன்னு பாக் ஹெர்லம்பாங் சொன்னார்."

நான் ரமாயைத் திறந்தேன். திரையில் நிங்ரும் நின்றிருந்தாள். ஊதா நிறத்தில் ஒரு நைட்டியை உயர்த்திப் பிடித்து, மூக்கால் தொடங்கிச் சிரித்தாள். கீழே கேள்விகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவளும் பேர் சொல்லிச் சொல்லிப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. "இது பழசு இல்லை. இந்த ஊதாத் துணியை நான் கையால தொட்டதே இல்லை."

என் கைப்பேசியைப் பிடுங்கி எழுதினாள்: 'நான்தான் நிங்ரும். நீ யார்?'

திரையில் இருந்தவள் நிமிர்ந்தாள். அதே கண், அதே கனிவு. "வாங்க அக்கா, வாங்க! புதுசா வந்திருக்கீங்களா? ஒரு இதயம் போட்டுட்டு உட்காருங்க!"

நிங்ரும் கைப்பேசியைத் தரையில் போட்டுவிட்டாள். என் கைப்பேசி என்று கத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கத்தத் தோன்றவில்லை.

"வண்டியை எடு," என்றார் இபு வினார்த்தி.

*

மெனாரா கெம்பார் இரட்டைக் கோபுரம். ஒன்றில் ரமாய், எதிரே உள்ளதில் கிலாட். ஒருவர் சன்னலில் கொட்டாவி விட்டால் மற்றவருக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்ட சாலையில் மூன்று பேரை ஒரே வண்டியில் அடைத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது வானம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

மின்தூக்கியில் எங்களோடு ஒரு பெண்மணி ஏறினார். கையில் பெரிய மூங்கில் தட்டு. வாழையிலையும் துணியும் போட்டு மூடியிருந்தாலும், கூம்பு வடிவத்தையும் தேங்காய்ப்பால் வாசனையையும் மூட முடியுமா? விசேஷ நாளில் நுனியை வெட்டி முதல் மரியாதை செய்வோமே, அந்த மஞ்சள்சோற்றுக் கோபுரம். தும்பெங்.

"பாக் ஹெர்லம்பாங் எந்த மாடிண்ணே?" என்றார். "கட்டடம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. காவலாளியக் கேட்டா இதுலதான்னு ஏத்திவிட்டுட்டான்."

"எங்ககூட வாங்க அக்கா. நாங்களும் அவரைப் பார்க்கத்தான் போறோம்," என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் என் நோக்கம் துப்பறிவதில்லை. வயிறுதான்.

"தோகார், மானம் போகுது," என்று இபு முணுமுணுத்தார்.

அந்த அம்மாளை அலுவலகத்துச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு, கணினிப் பிரிவைத் தேடிப் போனோம். அங்கே ஒரே ஓர் ஆள், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஹனோய்க்காரன், பேர் குவாங். எங்கள் பின்னால் நின்ற நிங்ருமைப் பார்த்ததும் நூடுல்ஸ் வாயிலேயே தொங்கியது.

"பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறியே தம்பி," என்றேன். "அவளை மாதிரியே பேசிச் சிரிக்கிற இயந்திர இரட்டையைச் செஞ்சது நீதானே?"

"செஞ்சேன்," என்றான். பொய் சொல்லத் தெரியாத முகம். "இவங்களுக்குத் தெரியும், சம்மதிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. தெரியாதா?"

நிங்ரும் தலையசைத்தாள். அவன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

நான் அவன் சட்டைக் காலருக்குக் கை நீட்டினேன். "குரலையும் அனுப்பினது நீதான். 'மிங்கு மாலாம்'னு உளறினப்பவே வெளிநாட்டுச் சரக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஐயோ அண்ணே, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!" என்று அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஏன்ப்பா?" என்றார் இபு வினார்த்தி.

"இங்க வந்த புதுசுல ஒரு பொண்ணு என்னை மாலாம் மிங்கு சினிமாவுக்குக் கூப்பிட்டா. நான் ஞாயித்துக்கிழமை ராத்திரி புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போய் நின்னேன். அவ முந்தின நாளே நின்னு, அழுது, வீட்டுக்குப் போய் என் நம்பரைத் தடுத்துட்டா. இப்போ அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. அதுலேருந்து நான் 'சாப்து மாலாம்'னுதான் சொல்லுவேன், எழுதுவேன். சாப்துன்னா சனி. நேரடியா சனிக்கிழமை ராத்திரி. குழப்பமே கிடையாது."

நான் காலரை விட்டேன். துப்பறிவாளரின் உதவியாளனாக இருந்தாலும் மனுஷன்தானே!

இபு வினார்த்தியின் கண் சுருங்கியது. "குவாங், நாம எழுதிக் கொடுக்கிறதைத்தான் இந்த இரட்டை பேசுமா?"

"பேசும். பார்க்கிறவங்க கேள்விக்கும் பதில் சொல்லும். ஆனா அது யோசிக்கிறது இங்கிலீஷ்ல. நீங்க எழுதினது உள்ள போய் இங்கிலீஷ் ஆகி, திரும்பவும் உங்க பாஷையில வெளிய வரும்."

"மாலாம் மிங்குன்னு எழுதினா?"

அவன் வாய் மெல்லத் திறந்தது. "உள்ள ஞாயிறு ராத்திரின்னு போகும். வெளிய மிங்கு மாலாம்னு வரும். கடவுளே! நான் அதை அப்படிச் சோதிச்சுப் பார்க்கவே இல்லை. அந்த வார்த்தையைத்தான் நான் தொடவே மாட்டேனே!"

"அதுக்கு எழுதிக் கொடுக்கிற சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. அப்புறம் பாக் ஹெர்லம்பாங்கிட்ட."

*

லியானா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குளோடோக் சந்தையில் அப்பாவின் இரும்புக் கடையில் பேரம் பேசிப் பழகியவர். சீனர் வீட்டு வழக்கப்படி, அக்கா என்ற பொருளில், அலுவலகமே அவரைச் 'சிச்சி' என்றுதான் அழைக்கும். நிங்ருமை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் பாக் ஹெர்லம்பாங், பட்டு பாத்திக் சட்டையும் அத்தருமாக, பேனாவின் மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"நிங், முதல் விளக்கு வாங்கக் காசில்லாம நின்னப்போ நான் வாங்கிக் கொடுத்தேன்," என்றார் லியானா. "பணம் போகட்டும். எனக்கு நெஞ்சு வலிக்குது."

"மன்னிக்கணும் சிச்சி," என்றார் இபு வினார்த்தி, கேட்கிறதா இல்லையா என்ற குரலில். "உங்க கைப்பேசியில நிங்ருமோட நேரலையைத் திறந்து, உங்க கையாலேயே ஒரு கேள்வி எழுதுங்க. மாலாம் மிங்கு விற்பனை உண்டான்னு."

"சிச்சி, நேரம் போகுது. மறு ஒளிபரப்புல கேள்வி கேட்டு என்ன?" என்றார் ஹெர்லம்பாங்.

லியானா எழுதினார். திரையில் இருந்த நிங்ரும் மலர்ந்தாள். "உண்டு அக்கா! மிங்கு மாலாம், நாளைக்கு ராத்திரி! மறக்காம வந்துடுங்க!"

கீழே சிரிப்புக் குறிகள் கொட்டின. 'என்ன அக்கா, இன்னைக்குத்தானே மாலாம் மிங்கு!' என்று எவளோ எழுதினாள். அதற்கும் அந்த இரட்டை கூசாமல் சிரித்தது.

லியானா கைப்பேசியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "பழைய பதிவுன்னு சொன்னீங்களே, ஹெர்லம்பாங்?"

"சோதனைதான் சிச்சி. முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்." குரலில் சர்க்கரை குறையவில்லை. "ஆனா இப்போதான் எனக்கே விளங்குது. பொய்க் குரலை அந்த குவாங்தான் செஞ்சு அனுப்பியிருக்கான். மாலாம் மிங்கு தெரியாத வெளிநாட்டுக்காரன். வேற யாருக்கு இந்தத் தப்பு வரும்?"

கதவருகில் நின்ற குவாங் வெளிறிப்போனான்.

"தப்பு பண்ணினது இயந்திரம் பாக்," என்றார் இபு. "அதுக்குள்ள போன வார்த்தை ரொம்பச் சரியான வார்த்தை. குவாங் எழுதியிருந்தா சனிக்கிழமை ராத்திரின்னு எழுதியிருப்பான், இயந்திரமும் சரியாச் சொல்லியிருக்கும். 'மாலாம் மிங்கு'ன்னு எழுதினவன் நம்ம ஆளு. பிறந்ததுலேருந்து அப்படியே சொல்லிப் பழகினவன். சாவி இருக்கிறது ரெண்டே பேர்கிட்ட."

 ஹெர்லம்பாங் பேனாவை மூடித் திறந்தார்.

"கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எதுக்கும்மா செய்யணும்? இந்தக் கம்பெனி தோத்தா நானும்தானே தோக்குறேன்?"

லியானா கண்ணை மூடிக்கொண்டார். "அதுதான் எனக்கும் தெரியணும் இபு. ஒரு வார்த்தை முன்ன பின்ன போனதுக்காக என் வலது கையை நான் வெட்டிக்க முடியாது. காரணம் என்ன?"

  சன்னலுக்கு வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெர்லம்பாங் தாளை நிங்ரும் பக்கம் நகர்த்தினார். "பாங்கு சொல்லப் போறாங்க. போட்டுடும்மா. உன் சந்துல தைக்கிறவங்களையாவது நினைச்சுக்கோ."

நிங்ரும் பேனாவை எடுத்தேவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல வெளியே நழுவினேன்.

சமையலறையில் தும்பெங் அக்கா தவித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அவர்கிட்ட சொன்னீங்களா? பாங்கு சொன்னதும் வெட்டணும்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தாங்க. வரவேற்பு விழாவாச்சே!"

"யாருக்கு வரவேற்பு?"

"பாக் ஹெர்லம்பாங்குக்குத்தான்."

"அவர் இங்க பல வருஷமா இருக்கார் அக்கா. இருக்கிறவருக்கு எதுக்கு..."

நான் பாதியில் நிறுத்திவிட்டு வாழையிலையை நீக்கினேன். மஞ்சள்சோற்றின் மேல், முட்டை ஆம்லெட்டை வெட்டி வெட்டி அழகாக ஒரு மின்னல் ஒட்டியிருந்தார்கள். கிலாட் என்றாலே மின்னல்தான். எதிர்க் கோபுரத்து உச்சியில் எரிகிற அதே சின்னம்.

தட்டோடு முதலாளி அறைக்குள் புகுந்தேன். தாளின் மேல், பேனா முனைக்கு முன்னால் தும்பெங்கை வைத்தேன். அறை முழுக்கத் தேங்காய்ப்பால் மணந்தது.

"சிச்சி, காரணம் கேட்டீங்க. சுடச்சுடக் கொண்டாந்திருக்கேன். எதிர் வீட்டுக்காரங்க உங்க வலது கைக்கு வரவேற்பு வைக்கிறாங்க. காவலாளிக்கு அவரை இந்தக் கட்டடத்துலதானே தெரியும்? அதான் சோறு இங்க ஏறிடுச்சு."

லியானா மின்னலைப் பார்த்தார். சன்னல் வழியே எதிர்க் கோபுரத்து மின்னலைப் பார்த்தார். கடைசியில் ஹெர்லம்பாங்கைப் பார்த்தார். அத்தர் மணந்த அந்த முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் ஆள் இல்லை.

"எதிரிக்கு விற்பனைச் சேதி சொன்னதும் நீங்கதான். இரட்டை உங்க கையில இருக்கு. அசல் நிங்ரும் திருடின்னு பேரெடுத்துட்டா, இரட்டைக்கு எதிரா அவ வாய் திறக்க முடியாது," என்றார் இபு வினார்த்தி. "நாற்பது லட்சம் பேரையும் சீர்வரிசையா எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போகப் பார்த்தீங்க. மன்னிக்கணும் பாக், ரொம்பக் கேவலம்."

ஹெர்லம்பாங் எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். "வியாபாரம் சிச்சி. நீங்களும் அவங்க ஆளுங்களை எடுத்தவங்கதான்."

"வெளிய போ," என்றார் லியானா. அவர் போனார். தும்பெங்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது ஒரு பாவமும் செய்யவில்லை.

மஃரிப் பாங்கு ஒலித்தது. நிங்ரும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சிச்சி, என் கணக்கோட சாவி இனி என் கையில மட்டும் இருக்கணும். உங்க கையிலகூட வேண்டாம்."

லியானா பேரம் பேச வாயெடுத்தார். பேசவில்லை. குவாங்கைப் பார்த்துத் தலையாட்டினார். திரையில் ஊதா நைட்டியோடு நின்றவள் ஒரு வார்த்தையின் நடுவில் அணைந்து போனாள். அடுத்த நொடி அந்த இடத்தில் அழுது வீங்கிய முகத்தோடு அசல் நிங்ரும் வந்தாள். அதே அறையில், என் கைப்பேசியில், சீவாத தலையோடு.

"அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் நிங்ரும்."

கூட்டம் கூடியது. கூடியதும் ஒருத்தி எழுதினாள்: 'நீங்க நிஜமா? கிலாட்ல இப்போதான் ஒரு நிங்ரும் வந்து நிக்கிறாங்க. அவங்களும் நான்தான் நிங்ரும்னு சொல்றாங்க.'

குவாங் தன் கைப்பேசியைத் திறந்து காட்டினான். உண்மைதான். தலையைப் படிய வாரி, பூ வைத்து, அழாத முகத்தோடு இன்னொரு நிங்ரும் மின்னல் சின்னத்தின் கீழே சிரித்துக்கொண்டிருந்தாள். ஹெர்லம்பாங் இரட்டையின் நகலை முன்பே அங்கே கொடுத்துவிட்டிருந்தார்.

'அவங்கதான் அழகா இருக்காங்க,' என்று ஒருத்தி எழுதினாள். 'இவங்கதான் போலி போல,' என்று இன்னொருத்தி.

நிங்ரும் இபு வினார்த்தியைப் பார்த்தாள். இபு கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். நிங்ரும் கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

"என்னை நம்ப வேண்டாம் அக்கா. நீங்க எல்லாரும் இப்பவே அங்க போங்க."

"அடிப்பாவி!" என்று லியானா எழுந்தேவிட்டார். எத்தனை கோடி கொட்டிக் கட்டிவைத்த கூட்டம்! அதைத் தன் வாயாலேயே எதிரி கடைக்கு அனுப்புகிறாளே!

"போய் அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. மாலாம் மிங்கு விற்பனை எப்போன்னு கேளுங்க. கேட்டுட்டு, மனசிருந்தா திரும்பி வாங்க."

பார்ப்பவர் எண்ணிக்கை சரிந்தது. ஓட்டை விழுந்த பானை போலச் சரிந்துகொண்டே போய், கடைசியில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்தது. லியானா நகத்தைக் கடித்தார். குவாங் எதையோ வியட்நாமிய மொழியில் வேண்டிக்கொண்டான். நிங்ரும் காலித் திரையைப் பார்த்தபடி நின்றாள். கைப்பேசியை இறக்கவில்லை.

குவாங்கின் கைப்பேசியில் கிலாட் நிங்ரும் பூத்துக் குலுங்கினாள். "மிங்கு மாலாம் அக்கா! நாளைக்கு ராத்திரி! நாளைக்கு ராத்திரி! நாளைக்கு ராத்திரி!" கேட்டவர்கள் எல்லாருக்கும் சளைக்காமல் அதையே சொன்னாள். அங்கே யாரோ பதறியிருக்க வேண்டும். அந்தத் திரை பட்டென்று இருண்டது.

எங்கள் பக்கம் முதலில் ஒரே ஒருத்தி திரும்பி வந்தாள். கிளாத்தென் ஊர்க்காரி. 'அங்க மாலாம் மிங்கு நாளைக்குத்தானாம்! அப்போ இன்னைக்கு என் வீட்டுக்காரர் யார்கூட ஊர் சுத்தறார்? நான் இங்கேயே இருக்கேன் அக்கா,' என்று எழுதினாள்.

நிங்ரும் அதைப் படித்தாள்.  

"வாங்க அக்கா, வாங்க. புதுசா வந்திருக்கீங்களா?"

சிரிப்பு மூக்கில்தான் தொடங்கியது. வாய்க்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது. அவள் பின்னால் அவர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.